கிராம சபையில் சாதி பார்த்து ஒதுக்கினால் புகாரை எப்படிக் கொடுப்பது?

கிராம சபை அரசு நடத்தும் கூட்டம். அதில் யார் நாற்காலியில் உட்காரலாம், யார் கொடியேற்றலாம் என்று தீர்மானிக்க ஊர்ப் பெரியவர்களுக்கு எந்த அதிகாரமும் கிடையாது. இருந்தும் 2020-இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் ஊராட்சிக் கூட்டத்தில் பட்டியல் சாதியைச் சேர்ந்த ஊராட்சித் தலைவரைத் தரையில் உட்கார வைத்தார்கள். அதே ஆண்டு திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கத்தில், சுதந்திர தினத்தன்று தலைவரைக் கொடியேற்ற விடவில்லை. செய்தி வெளியே வந்த பிறகுதான் அதிகாரிகள் அசைந்தார்கள்.

பட்டியல் சாதி, பழங்குடித் தலைவரையோ உறுப்பினரையோ பணி செய்யவிடாமல் தடுப்பது வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி தனிக் குற்றம். பதவியில் இல்லாத ஒருவரைப் பலர் முன்னிலையில் வேண்டுமென்றே இழிவுபடுத்துவதும் அப்படியே. ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறை. சட்டம் இவ்வளவுதான். சிக்கல் காவல் நிலையத்தில் தொடங்குகிறது.

வாய்மொழியாகச் சொன்னாலும் எழுதிக்கொண்டு, படித்துக் காட்டி, எஃப்.ஐ.ஆர். (முதல் தகவல் அறிக்கை) நகலைக் கொடுக்க வேண்டியது நிலைய அதிகாரியின் கடமை. பெரும்பாலும் கையில் தருவது சி.எஸ்.ஆர். ரசீது, அதாவது புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகை மட்டுமே. அதை வழக்கு என்று நம்பி வீட்டுக்குப் போய்விடாதீர்கள். "விசாரித்துவிட்டுப் பதிகிறோம்" என்றால், முன்விசாரணை தேவையில்லை என்று வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 18-ஏ பிரிவு சொல்வதை எடுத்துக் காட்டுங்கள். 2020-இல் உச்ச நீதிமன்றமும் அந்தப் பிரிவு செல்லும் என்று சொல்லிவிட்டது. அதற்கும் மசியவில்லை என்றால் மாவட்ட எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் புகாரை அனுப்பி, தபால் ரசீதைப் பத்திரமாக வையுங்கள். வன்கொடுமைப் புகார்களுக்கான 14566 என்ற இலவச உதவி எண்ணிலும் புகாரைப் பதியுங்கள்.

புகாரின் வாசகம் மிக முக்கியம். "கேவலமாகப் பேசினார்" என்று மட்டும் எழுதினால் வழக்கு நிற்காது. எந்த இடம், எத்தனை மணி, சொன்ன வார்த்தை என்ன, அருகில் இருந்தவர்கள் யார் யார் என்று எழுதுங்கள். நான்கு சுவருக்குள், வெளியார் யாரும் இல்லாதபோது பேசியது இழிவுபடுத்திய குற்றமாகாது என்று நீதிமன்றம் தள்ளிய வழக்கு உண்டு.

இன்னொரு பள்ளம் சாதிச் சான்றிதழ். கிறித்தவராக மாறியவர்களுக்குப் பட்டியல் சாதித் தகுதி கிடையாது என்பதால் இந்தச் சட்டத்தின் பாதுகாப்பும் இல்லை. அவமானம் அதேதான், தெருவும் அதேதான். சட்டம் மட்டும் கைவிடுகிறது. இது அநியாயம் என்றாலும் இன்றைய நிலை இதுதான். எதிராளி "நான் பி.சி., என் மேல் இந்தச் சட்டம் வராது" என்றால் அது பொய். பட்டியல் சாதி, பழங்குடி அல்லாத எவர் மீதும் வழக்குப் பதியலாம்.

அடுத்து சமாதானக் கூட்டம். தாசில்தாரோ கோட்டாட்சியரோ இரு தரப்பையும் கூப்பிட்டு, தேநீர் கொடுத்து, ஒரு தாளில் கையெழுத்துக் கேட்பார்கள். அதில் "புகாரைத் திரும்பப் பெறுகிறேன்" என்று ஒரு வரி இருக்கும். படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். எஃப்.ஐ.ஆர். கைக்கு வரும் முன் எந்தச் சமாதானத்துக்கும் போகாதீர்கள்.

எஃப்.ஐ.ஆர். பதிந்ததும், பாதிக்கப்பட்டவருக்கு அரசு தரும் நிவாரணத் தொகையின் முதல் பங்கு வர வேண்டும். உடனடி நிவாரணத்துக்கு ஏழு நாள் என்று விதி சொல்கிறது. தானாக வரும் என்று காத்திருந்தவர்கள் மாதக்கணக்கில் காத்திருக்கிறார்கள். எஃப்.ஐ.ஆர். நகல், சாதிச் சான்றிதழ், வங்கிக் கணக்குப் புத்தகத்தின் நகல் மூன்றையும் இணைத்து மாவட்ட ஆட்சியருக்கும் ஆதிதிராவிடர் நல அலுவலருக்கும் மனுக் கொடுத்து, நகலில் அலுவலக முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

கூட்டத்தைக் கோயில் வளாகத்தில் வைத்து உங்களை வெளியே நிறுத்தினால் அங்கேயே ஆட்சேபியுங்கள். மதச்சார்புள்ள எந்த வளாகத்திலும் கிராம சபை நடத்தக் கூடாது என்பது அரசின் உத்தரவு. உங்கள் ஆட்சேபம் தீர்மானப் புத்தகத்தில் ஏறியதைப் பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள். வெற்றுப் பக்கத்தில் ஒருபோதும் வேண்டாம்.