கவர்னன்ஸ்: ஆளுகையா, ஆளுமையா?

‘குட் கவர்னன்ஸ்’ என்று மேடையில் ஒருவர் சொன்னால், மறுநாள் செய்தித்தாள்களில் அது நல்லாட்சி, நல்லாளுமை, நல்ல நிர்வாகம் என்று ஆளுக்கொரு விதமாக அச்சாகிறது. மூன்றும் ஒன்றல்ல. அதிலும் இ-கவர்னன்ஸைக் குறிக்கும் ‘மின்னாளுமை’ தமிழ்நாட்டில் அரசு அமைப்பின் பெயர் வரைக்கும் ஏறிவிட்டது. வேரைக் கொஞ்சம் கிளறிப் பார்த்தால் எது பொருந்தும் என்று தெரிந்துவிடும்.

‘கவர்ன்’ என்ற ஆங்கில வினை பிரெஞ்சு வழியாக லத்தீனின் குபெர்னாரேவிலிருந்து வந்தது. லத்தீன் அதைக் கிரேக்கத்தின் குபெர்னானிலிருந்து எடுத்துக்கொண்டது. அங்கே அதற்கு அரியணையோடு சம்பந்தமே இல்லை. கப்பலின் சுக்கானைப் பிடித்துச் செலுத்துவது என்பதுதான் பொருள். செலுத்துபவன் குபெர்னேத்தேஸ். 1948-இல் கணித அறிஞர் நார்பர்ட் வீனர், கட்டுப்பாடும் தகவல் தொடர்பும் பற்றிய தம் துறைக்கு இந்தச் சொல்லிலிருந்தே சைபர்னெட்டிக்ஸ் என்று பெயர் வைத்தார். அதன் தலைப்பகுதியை மட்டும் கிள்ளி எடுத்ததுதான் ‘சைபர்’. ஆக, கவர்னருக்கும் சைபர் கிரைமுக்கும் வேர் ஒன்றே! மென்பொருள்காரர்கள் நாள் முழுக்கச் சொல்லும் குபர்நெட்டீஸும் (பல கணினிகளில் செயலிகளை ஓட்டிப் பராமரிக்கும் மென்பொருள்) இதே சொல்தான். அதன் சின்னத்தில் இருப்பது கப்பலின் சுக்கான் சக்கரம்.

கப்பலோட்டும் சொல் அரசாள்வதற்கு ஏன் பொருந்தியது? பிளேட்டோவின் ‘குடியரசு’ ஆறாம் பகுதியில் ஒரு கப்பல் வருகிறது. அதில் மாலுமிகள் சுக்கானுக்காக அடித்துக்கொள்கிறார்கள். எவனும் அந்த வித்தையைக் கற்றவனல்ல. அது கற்றுக்கொள்ள வேண்டிய வித்தை என்று யாராவது சொன்னால் வெட்டவே வருகிறார்கள். உண்மையில் கப்பலைச் செலுத்துபவன் பருவத்தையும் வானத்தையும் விண்மீன்களையும் காற்றையும் கவனித்தாக வேண்டும். அப்படிக் கவனிப்பவனைத்தான் ‘வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும் உதவாக்கரை’ என்று ஏசுகிறார்கள். நம் அலுவலகங்களிலும் கேட்ட ஏச்சுத்தான். இன்றைய கோப்பை முடித்தவருக்குப் பாராட்டு; அடுத்த வருஷம் வரப்போகும் சிக்கலைச் சொன்னவருக்கு ‘அப்போ பாத்துக்கலாம்’.

சங்கத் தமிழுக்கும் கப்பலைச் செலுத்துபவனைத் தெரியும். பெயர் நீகான், பிற்காலத்தில் மீகான், மீகாமன். அகநானூற்றின் 255-ஆம் பாட்டில், இரவும் பகலும் ஓயாமல் காற்று அலைக்க, பெருங்கடலைப் பிளந்துகொண்டு ஒரு வங்கம், அதாவது கப்பல், போகிறது. நீகான் ‘மாட ஒள்ளெரி’யைப் பார்த்துத் திசை அறிந்து அதைச் செலுத்துகிறான். கரையில் உயர்ந்த மாடத்தில் எரியும் விளக்கு அது. கப்பலை ஆட்டுகிற காற்றையும் தூரத்து விளக்கையும் அவன் ஒரே நேரத்தில் பார்த்தாக வேண்டும். ஒன்றை முடித்துவிட்டு மற்றதற்குப் போக முடியாது. (இன்று நாம் சொல்லும் சுக்கான், மாலுமி இரண்டும் அரபியிலிருந்து வந்தவை என்பது தனிக்கதை.)

இதைத் தரையில் பார்க்க ஒடிசாவுக்குப் போகலாம். 1999 அக்டோபர் 29 பெரும்புயலில் அங்கே ஏறத்தாழ 10,000 பேர் இறந்தார்கள். அந்த ஆண்டே மாநில அரசு பேரிடருக்கென்று தனி ஆணையம் அமைத்தது; நாடு முழுமைக்குமான பேரிடர் மேலாண்மைச் சட்டம் 2005-இல்தான் வந்தது. கடலோரத்தில் புயல் காப்பகங்கள் எழுந்தன. கட்டடம் தூண்கள்மேல் நிற்கும். கீழே திறந்துவிட்டிருப்பதால் பொங்கி வரும் கடல்நீர் தூண்களுக்கிடையே புகுந்து போய்விடும். மற்ற நாட்களில் பல ஊர்களில் அதுவே பள்ளிக்கூடம், அதனால் பூட்டிக் கிடந்து பாழாவதில்லை. ஜெனரேட்டர், சைரன், விழுந்த மரத்தை அறுக்கும் ரம்பம் எல்லாம் உள்ளூர்க் குழுவின் பொறுப்பு. ஒத்திகையும் நடக்கும். 2013 அக்டோபர் 12-இல் பைலின் புயல் கோபால்பூர் அருகே கரையைக் கடந்தபோது, ஏறத்தாழ 10 லட்சம் பேர் அதற்கு முன்பே வெளியேற்றப்பட்டிருந்தார்கள். வீடும் பயிரும் தப்பவில்லை. உயிரிழப்பு சில பத்துகளோடு நின்றது. அந்தச் சில நாட்களில் ஜனங்களை வண்டியேற்றி, சோறு போட்டுக் காத்தது நிர்வாகம். அதற்கு முந்தைய 14 ஆண்டுகளையும் சேர்த்துச் சொன்னால்தான் கவர்னன்ஸ். ‘எதிரதாக் காக்கும் அறிவினார்’ என்று குறள் (429) சொல்வது இவர்களைத்தான். எதிரது என்றால் இனி வரப்போவது.

இனி, தமிழில் எப்படிச் சொல்வது? ‘ஆள்’ என்ற வினைக்கு அரசு செலுத்துதல் மட்டும் பொருளல்ல. கையாள், எடுத்தாள், சொல்லாட்சி எல்லாவற்றிலும் ஒன்றைக் கைவசப்படுத்தி வகையறிந்து பயன்படுத்துவது இருக்கிறது. குபெர்னானுக்கு இது நெருங்கிய வினைதான். எந்த ஈற்றைச் சேர்ப்பது என்பதில்தான் குழப்பம். செய்கை, வருகை என்று ‘கை’ சேர்ந்தால் செயலின் பெயர். பொறுமை, இனிமை என்று ‘மை’ சேர்ந்தால் தன்மையின் பெயர். எனவே ஆளும் செயலுக்கு ஆளுகை. ஆளுமையோ இன்று பெர்சனாலிட்டி என்ற பொருளில் வேரூன்றிவிட்டது. ஆளுமை மிக்க தலைவர் ஆளுகையில் சுமாராகவும் இருக்கலாம், அப்படிச் சிலரைப் பார்த்தும் இருக்கிறோம்.

நிர்வாகத்தின் வேர் வடமொழியின் ‘வஹ்’, சுமத்தல். ‘நிர்’ சேரும்போது நிறைவேற்றி முடித்தல் என்றாகிறது. ஒப்படைத்த வேலையைக் கரைசேர்ப்பது அது. எந்தக் கரை என்று முடிவு செய்வது அதில் அடங்காது. ஆட்சி என்றால் ஒரு கட்சியோ அரசனோ பதவியிலிருந்த காலம் என்ற நினைப்பு முந்திக்கொண்டு வருகிறது. கார்ப்பரேட் கவர்னன்ஸை ‘நிறுவன ஆட்சி’ என்று எழுதினால் யாரும் ஏற்கமாட்டார்கள். ‘நிறுவன ஆளுகை’ உறுத்தாமல் நிற்கிறது.

‘மின்னாளுமை’யைப் பெயர்ப்பலகையிலிருந்து இனி இறக்குவது கஷ்டம். அந்த அமைப்பைக் குறிக்கும்போது அதன் பெயரை அப்படியே எழுதுவதுதான் முறை. பொதுச்சொல்லாக வரும் இடங்களில் நான் மின்னாளுகை என்றே எழுதுகிறேன்.