கிராப் என்றால் பயிரா?

படம் திருத்தும் செயலி ஒன்றைத் தமிழுக்கு மாற்றி வைத்தேன். கருவிகள் வரிசையில் 'பயிர்' என்று ஒன்று இருந்தது. தொட்டால் படத்தைச் சுற்றிக் கட்டம் விழுகிறது. சரிதான், ஆங்கிலத்தில் 'கிராப்' (crop) என்றால் பயிர் என்றும் பொருள், படத்தின் ஓரம் நீக்கும் கிராப்பை ஏதோ மொழிபெயர்ப்பு எந்திரம் வயலுக்கு அனுப்பிவிட்டது என்று சிரித்தேன். அப்புறம் சொல்லின் வேரைத் தேடினால், எந்திரம் ஒரேயடியாக உளறவும் இல்லை.

பழைய ஆங்கிலத்தில் இந்தச் சொல்லுக்குப் பறவையின் கழுத்தில் இருக்கும் தீனிப்பை என்று ஒரு பொருள். செடியின் தலை, தானியக் கதிர் என்று இன்னொரு பொருள். கதிரிலிருந்து விளைச்சலுக்குப் பெயரானது. தலையைக் கொய்வதற்கு வினையானது. அந்த வினைதான் தலைமுடியை ஒட்ட வெட்டுவதற்கும் போனது. நாம் 'கிராப்பு' என்று சொல்லும் முடிவெட்டு இதுவேதான். ஆக, நம் படங்களைத் தொடுவதற்கு முன்பே இந்தச் சொல் நம் தலையில் கைவைத்துவிட்டது.

ஒளிப்படத்தில் கிராப் என்றால் ஓரங்களை நீக்கி, வேண்டிய பகுதியை மட்டும் வைத்துக்கொள்வது. இது கணினிக்கு முந்தைய பழக்கம். 'ட' வடிவ அட்டைகள் இரண்டை அச்சிட்ட படத்தின் மேல் எதிரெதிராக வைத்து, நகர்த்தி நகர்த்தி எல்லை பார்ப்பார்கள். இன்றும் பல மென்பொருள்களில் கிராப்புக்கான குறி, ஒன்றோடொன்று மாட்டிக்கொண்ட இரண்டு 'ட'தான். 1960-இல் ஆல்பர்ட்டோ கோர்டா எடுத்த சே குவேராவின் புகழ்பெற்ற முகமும் இப்படி வந்ததே. முழுப் படத்தில் ஒரு பக்கம் வேறொருவரின் முகம், மறுபக்கம் பனையோலை.

தமிழில் என்ன சொல்வது? 'வெட்டு' கைக்கு எளிதாக வருகிறது, ஆனால் அது 'வெட்டு, நகலெடு, ஒட்டு' வரிசையில் ஏற்கெனவே வேலையில் இருக்கிறது. வேலையும் நேர் எதிர். வெட்டினால் தேர்ந்தெடுத்த பகுதி போய்விடும். கிராப் செய்தால் அது மட்டும்தான் மிஞ்சும். 'கத்தரி' பரவாயில்லை, முடிக்கும் பொருந்தும், படத்துக்கும் பொருந்தும். என் ஓட்டு 'செதுக்கு' என்பதற்கு. சிற்பி வேண்டாததை எடுப்பதும் அந்தச் சொல்தான், புல்லைச் செதுக்குவதும் அதேதான். சில செயலிகளில் இது வந்தும்விட்டது.

செதுக்குவதில் ஒரு கணக்கு உண்டு. 4000 × 3000 அளவுள்ள படத்தில் 1 கோடியே 20 லட்சம் பிக்சல்கள், அதாவது படப்புள்ளிகள். அகலத்தில் பாதி, உயரத்தில் பாதி என்று எடுத்தால் 2000 × 1500, அதாவது வெறும் 30 லட்சம். பாதிதானே குறைத்தோம் என்று தோன்றும். போனது முக்கால் பங்கு. அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் 6 × 4 அங்குல அச்சுக்கு 1800 × 1200 போதும் என்பதால் அதற்குத் தாங்கும். அதிலும் பாதியாக்கினால் தாங்காது. சாய்ந்த தொடுவானத்தை நிமிர்த்தும்போதும் நாலு மூலைகள் தன்னால் செதுக்கப்படுகின்றன என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

பேச்சில் 'கிராப் பண்ணிடு' இருந்துவிட்டுப் போகட்டும். செதுக்கியதை வேறு பெயரில் சேமியுங்கள். மூலத்தின் மேலேயே சேமித்துவிட்டு ஓரத்தில் நின்றவரைத் தேடிய அனுபவம் எனக்கு உண்டு.