கேள்விக்குப் பின் மூன்று வினாடிகள்

மதிய உணவுக்குப் பின் நடக்கும் செயலமர்வில் தலைகள் சாயத் தொடங்கினால், சோற்றின் மேல் பழிபோடுவது வளவாளர்களான எங்களின் வழக்கம். உண்மையில் பிற்பகலில் விழிப்பு சற்றுத் தளர்வது உடலின் நாளாந்த ஒழுங்கிலேயே உள்ளது; சாப்பிடாதவருக்கும் அது நேர்கிறது.

சில வருடங்களுக்கு முன், யாழ்ப்பாண நகரிலுள்ள ஒரு களஞ்சியத்தின் பணியாளர்களுக்கு, சோளகக் காற்று இன்னும் எழாத சித்திரை வெக்கையில், தீப்பாதுகாப்புப் பற்றி 60 ஸ்லைட்டுகளை இரண்டு மணித்தியாலம் காட்டினேன். "விளங்கினதோ?" என்று கேட்டபோதெல்லாம் எல்லோரும் தலையசைத்தார்கள். முடிவில் தீயணைப்புக் கருவியைக் கையில் கொடுத்தபோது, பிடியை அழுத்துமுன் அதில் கொழுவியிருக்கும் ஊசியை இழுத்தெடுக்க வேண்டும் என்பது ஒருவருக்கும் நினைவில் இல்லை. முன்வரிசையில் முகாமையாளர் இருக்கையில் "விளங்கவில்லை" என்று சொல்ல எங்கள் ஊரில் யார் துணிவார்? நான் விளக்கம் என்று எடுத்துக்கொண்டது வெறும் மரியாதை.

இப்போது அதே களஞ்சியத்துக்குப் போனாலும் கருவியை முதலில் மேசையில் வைத்துவிடுகிறேன். "மெயின் சுவிட்ச் பெட்டியிலிருந்து புகை வருகிறது, பக்கத்தில் தண்ணீர் வாளியும் இந்தக் காபனீரொட்சைட்டுக் கருவியும் இருக்கின்றன. என்ன செய்வீர்கள்?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் நிற்கிறேன். வகுப்பறைகளில் ஆசிரியர்கள் கேள்விக்குப் பின் ஏறத்தாழ ஒரு வினாடியே காத்திருப்பதையும், அதை மூன்று வினாடிக்கு நீட்டினால் விடைகள் நீள்வதையும், வாய் திறப்போர் பெருகுவதையும் அமெரிக்க ஆய்வாளர் மேரி பட் ரோவ் 1970களில் எடுத்துக்காட்டினார். நாற்பது கண்கள் பார்த்திருக்க வாய்மூடி நிற்பவருக்கு அந்த மூன்று வினாடி மிக நீளமானது.

பிறகு பக்கத்தில் இருப்பவரோடு கலந்து பேசச் சொல்வேன். "நாங்கள் நினைத்தது" என்று தொடங்கும் விடை பிழைத்தாலும் வெட்கம் இருவருக்கும் பங்காகிவிடுவதால், முகாமையாளர் முன்னிலையிலும் குரல் எழும். (கைத்தொலைபேசிகளைக் கூடையில் வாங்கி வைக்கும் வழக்கம் எனக்கு ஒப்பவில்லை; வயதில் மூத்தவர்களிடம் அது பள்ளிக்கூடத் தண்டனை போலாகிவிடும்.)

கடைசியாகப் போனபோது, மின்னோட்டத்தை முதலில் துண்டிக்க வேண்டும், தண்ணீரைத் தொடக்கூடாது என்பதெல்லாம் அவர்கள் வாயிலிருந்தே வந்தன. பின்வரிசைக் காவலாளி ஐயா, "ஒருக்கா அமத்திப் பாத்திட்டுத் திருப்பிக் கொழுவினால் காணுமோ?" என்று கேட்டார். சிறிது பீய்ச்சினாலும் வால்வு சரியாக மூடாமல் வாயு கசியக்கூடும் என்பதால் மீள நிரப்பவேண்டும். இவ்வகைக் கருவியில் அழுத்தமானி இல்லாததால், உருளையில் பொறித்த எடையோடு நிறுத்துப் பார்த்துத்தான் குறைவை அறியலாம் என்றேன். நேரம் பிற்பகல் இரண்டரை. சொல்லி முடிக்குமுன் இரண்டு இளைஞர்கள் எழுந்துபோய், அரிசி மூட்டை நிறுக்கும் தராசை உருட்டிக்கொண்டு வந்தார்கள்.