கேட்டுக்கு வெளியே கடப்பாரை போடும் முன்

வீட்டு வாசலில் கார் ஏறுவதற்குச் சரிவு போடத் தோண்டியிருக்கிறார்கள். கடப்பாரை நேராக மண்ணுக்கடியில் போகும் மின்கேபிளில் இறங்கிவிட்டது. கூலியாளுக்குக் கை வெந்ததோடு போனது, அவர் அதிர்ஷ்டம். வீட்டுக்காரர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "சார், கரண்ட் எப்போது வரும்?" சென்னையில் மின்கேபிள் பழுதுபார்க்கும் எங்களுக்கு மழைக்காலத்துக்கு முன் இது வழக்கமாகிவிட்டது.

அடுத்து வருவது, "இரண்டடிகூடத் தோண்டவில்லையே!" இந்த இரண்டடிக் கணக்கைத் தயவுசெய்து மறந்துவிடுங்கள். வீடுகளுக்கு வரும் கேபிள் 75 செ.மீ. ஆழத்திலும், 11 கே.வி. (11,000 வோல்ட்) உயரழுத்தக் கேபிள் 90 செ.மீ. ஆழத்திலும் இருக்க வேண்டும் என்பது விதி. புதைத்த அன்று இருந்திருக்கும். பிறகு வடிகாலுக்குத் தோண்டினார்கள், குடிநீர்க் குழாய்க்குத் தோண்டினார்கள், குறுக்கே வந்த கேபிளைத் தூக்கி ஓரமாகப் போட்டு மூடினார்கள். ஒரு சாண் ஆழத்திலேயே கேபிளைப் பார்த்திருக்கிறேன். தோண்டும்போது திடீரென மணலோ வரிசையாகச் செங்கல்லோ தட்டுப்பட்டால் அங்கேயே நிறுத்துங்கள். அடியில் கேபிள் இருக்க வாய்ப்பு அதிகம்.

"தெரியாமல் நடந்தது, அதுவும் மேஸ்திரி செய்தது" என்பார்கள். வேண்டுமென்றே சேதப்படுத்துபவருக்கு மின்சாரச் சட்டம் 2003இல் 140ஆம் பிரிவு இருக்கிறது. அலட்சியமாகச் சேதப்படுத்துபவருக்கென்றே 139 இருக்கிறது. 10,000 ரூபாய் வரை அபராதம். யாரையும் கேட்காமல் தோண்டிவிட்டு, அலட்சியம் இல்லை என்று எப்படிச் சொல்வீர்கள்? கேபிள், அறுந்த இடத்தை இணைக்கும் ஜாயின்ட், கூலி என்று பழுதுச் செலவு வேறு. வேலை கொடுத்தவர் என்று உங்களைத்தான் முதலில் தேடி வருவார்கள். மேஸ்திரியோடு கணக்கைப் பிறகு நீங்கள்தான் தீர்த்துக்கொள்ள வேண்டும். தொலைத்தொடர்புக் கேபிளை வெட்டினாலும் இழப்பீடு உண்டு. கேட்டுக்கு வெளியே இருப்பது மாநகராட்சி இடம், அதைத் தோண்டவே அனுமதி வேண்டும் என்பதையாவது யாராவது நினைத்துப் பார்க்கிறார்களா?

தோண்டும் முன் உங்கள் பகுதி மின்வாரியப் பிரிவு அலுவலகத்துக்குப் போய்க் கேளுங்கள். கேபிள் போகும் தடத்தைக் காட்டச் சொல்லுங்கள். அந்த இடத்தில் ஜேசிபி வேண்டாம், கடப்பாரையும் வேண்டாம். மண்வெட்டியால் மெல்ல மண்ணை எடுக்கட்டும்.

அடிபட்டுவிட்டால் தொடாமல் விலகி நில்லுங்கள், மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்துக்கு 94987 94987இல் சொல்லுங்கள். மேலுறையில் சின்னக் கீறல்தானே என்று டேப் சுற்றி மண்ணைத் தள்ளிவிடாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். கீறல் வழியாக நீர் இறங்கி, நல்ல மழையில்தான் அது வெடிக்கும். அடிபட்ட இடம் கண்ணுக்குத் தெரிந்தால் அந்தக் குழியிலேயே ஜாயின்ட் போட்டு முடித்துவிடுவோம். மூடி மறைத்தால், கோளாறு எங்கே என்று தெருவெல்லாம் தேட வேண்டும்.