ஓடுதளம் மட்டும் ஏரோடிராம் இல்லை

"பழைய பிரிட்டிஷ் ரன்வே பக்கத்துலயே சைட். டி.டி.சி.பி. அப்ரூவல் இருக்கு, ரெரா நம்பர் இருக்கு, தொல்லியல் துறை கிளியரன்ஸும் வாங்கியாச்சு."

பெங்களூருவின் அல்சூரிலிருந்தும் கே.ஆர்.புரத்திலிருந்தும் ஊர்ப்பக்கம் மனை வாங்குகிற நம்மவர்கள் இந்த வசனத்தைத் தரகரிடம் கேட்டு, அப்படியே எங்களிடம் ஒப்பிக்கிறார்கள். டி.டி.சி.பி. என்பது நகர் ஊரமைப்பு இயக்ககம், ரெரா என்பது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம். அந்த ரன்வே, இரண்டாம் உலகப் போருக்காகப் பிரிட்டிஷார் கட்டிய ஏரோடிராமின், அதாவது விமானதளத்தின், மிச்சம். முன்பணம் கொடுத்துவிட்டு மண் பரிசோதனைக்கு வருவதுதான் வயிற்றெரிச்சல். கடைசியாக வந்த கோப்பில் ஜேசிபி வேலையே முடிந்திருந்தது. மூலையிலிருந்த மண்மேட்டைச் சமப்படுத்தி, அதற்குள் இருந்த செங்கல் சுவரை உடைத்து, உள்சாலைக்கு அடியில் நிரப்பியாகிவிட்டது. அது என்ன சுவர் என்று ஒருவரும் கேட்கவில்லை. இந்த ரகக் கோப்பு இது முதலாவது இல்லை என்பதால்தான் இந்தக் கட்டுரை.

முதலில் அந்த "கிளியரன்ஸ்" கடிதம். அதை எழுத்துக்கூட்டிப் படித்துப் பாருங்கள். மத்திய அரசின் பாதுகாப்பில் உள்ள நினைவுச்சின்னம் எதுவும் 300 மீட்டருக்குள் இல்லை என்று மட்டும்தான் இருக்கும். 2010 திருத்தச் சட்டப்படி, பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் கட்டுமானத் தடை, அதற்கு மேல் 200 மீட்டர் கட்டுப்பாடு. இரண்டையும் கூட்டினால் 300. அந்தக் கேள்விக்கு அது சரியான பதில். உங்கள் கேள்விக்கு அது பதிலே இல்லை.

ஏனென்றால் 1958ஆம் ஆண்டின் தொன்மைச் சின்னங்கள் சட்டத்தில் ஒரு நிபந்தனை இருக்கிறது. குறைந்தது 100 ஆண்டு பழமை இருந்தால்தான் ஒரு கட்டடம் "தொன்மைச் சின்னம்" என்ற வரையறைக்குள் வரும். 1942ல் கட்டிய கண்ட்ரோல் டவர் 2042 வரை அந்தப் பட்டியலுக்குள் வர வழியே கிடையாது. வரவே முடியாத ஒன்று வரவில்லை என்பதற்கு அரசாங்கம் கொடுத்த தாளை ஃப்ரேம் போட்டு மாட்டி வைத்திருக்கிறார்கள். பள்ளியில் இன்னும் சேராத பிள்ளை எந்தப் பரீட்சையிலும் தோற்கவில்லை என்று சான்றிதழ் வாங்குவது மாதிரி.

பட்டியலில் இல்லாத கட்டடத்துக்கு மதிப்பு இல்லை என்ற இந்த எண்ணம்தான் எல்லாக் கோளாறுக்கும் வேர். மும்பையில் 1995ல் வந்த பாரம்பரிய விதிமுறைகள் இந்த 100 ஆண்டுக் கணக்கைப் பார்க்காமலே கட்டடங்களைத் தரம் பிரித்துப் பட்டியலிட்டன. தமிழ்நாட்டிலும் 2012ல் பாரம்பரிய ஆணையச் சட்டம் இயற்றப்பட்டது. இங்கிலாந்தில் பொதுவாக 30 வயதான கட்டடத்தையே பட்டியலில் சேர்க்கப் பரிசீலிக்கிறார்கள். கேம்பிரிட்ஜ்ஷயரில் ஆல்கன்பரி என்ற போர்க்கால விமானதளத்தில் இன்று ஆயிரக்கணக்கான வீடுகள் எழும்புகின்றன. அங்கே போர்க்காலக் கண்ட்ரோல் டவர் பாதுகாக்கப்பட்ட கட்டடமாக நிற்கிறது. வீடு கட்ட வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. எதன் மேல் கட்டுகிறோம் என்று தெரிந்துகொண்டு கட்டுங்கள்.

அடுத்த தவறு இதைவிடப் பெரியது. "சார், எங்க லேஅவுட் ரன்வே மேல இல்ல, பக்கத்துலதான்." இதைச் சொல்லும்போது முகத்தில் ஒரு நிம்மதி வேறு! ஐயா, ஓடுதளம்தான் அந்த நிலத்திலேயே சுத்தமான இடம். ஆபத்தும் வரலாறும் இருப்பது பக்கத்தில்தான்.

போர்க்கால ஏரோடிராமின் அடிப்படைத் திட்டமே சிதறி வைப்பது. 1942ல் பிரிட்டிஷார் வகுத்த "ஏ" வகுப்புத் தளத்தில் முதன்மை ஓடுதளம் 2,000 கெஜ நீளம், 50 கெஜ (சுமார் 46 மீட்டர்) அகலம். குறுக்கே 1,400 கெஜத்தில் இன்னும் இரண்டு. இவற்றைச் சுற்றி ஒரு வளையச் சாலை. ஒரே குண்டில் நாலு விமானம் எரிந்துவிடக் கூடாது என்பதற்காக, அந்தச் சாலையோரம் தள்ளித் தள்ளி, மூன்று பக்கம் மண் அணைத்த நிறுத்தங்கள். குண்டுக் கிடங்கு இன்னும் தூரத்தில், மண் கரைகளுக்கு நடுவே. எரிபொருள் தொட்டி வேறொரு மூலையில். ஆட்கள் தூங்கும் கொட்டகைகள் வயல் தாண்டி. சோழவரம், உளுந்தூர்ப்பேட்டை, கயத்தாறு, செட்டிநாடு என்று நம் பக்கத்துத் தளங்கள் எல்லாம் இதே அளவு இல்லை. சிலவற்றில் ஒற்றை ஓடுதளம்தான். ஆனால் சிதறி வைக்கும் வழக்கம் பொதுவானது. போர் முடிந்த பின் சோழவரம் ஓடுதளத்தில் கார் பந்தயம் நடந்ததால் அது ஊருக்கே தெரியும். சுற்றியிருந்த மண்மேடுகளை யார் நினைவில் வைத்திருக்கிறார்கள்?

எனவே "ரன்வேயிலிருந்து அரை கிலோமீட்டர்" என்று தரகர் சொன்னால், குண்டுக் கிடங்கோ எரிபொருள் கிடங்கோ இருந்திருக்கக்கூடிய தூரம் அது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

ஓடுதளத்தின் மேலேயே மனை போட்டால்? அதற்கும் ஒரு ஆசை வார்த்தை உண்டு: "அடியில பிரிட்டிஷ் கான்கிரீட் சார், அஸ்திவாரச் செலவே மிச்சம்." மிச்சம் ஆகாது. அந்தக் கான்கிரீட் பெரும்பாலும் கம்பி இல்லாதது. பாத்தி பாத்தியாக வார்த்து, இடைவெளியில் தார் ஊற்றியது. உருண்டு போகும் சக்கரத்தின் பாரத்தைப் பரப்பி இறக்கத்தான் அது வடிவமைக்கப்பட்டது. தூண் அப்படி இல்லை. ஒரே புள்ளியில் வருடக்கணக்காக அழுத்தும். கீழே கரிசல் மண் என்றால் ஒவ்வொரு மழைக்கும் அது உப்பி, ஒவ்வொரு கோடைக்கும் சுருங்கும். கான்கிரீட் பலகைகளின் இணைப்பில் விரிசல் விட, மேலே உங்கள் சுவர் மூலைவாட்டில் பிளக்கும். தூண் வருகிற இடத்தில் பலகையை அறுத்து எடுத்துவிட்டு, மண் பரிசோதனை சொல்லும் ஆழத்துக்குத் தோண்டித்தான் ஆக வேண்டும்.

யாரும் பார்க்காத இன்னொன்று வடிகால். ஓடுதளம் நடுவில் உயர்ந்து இரு ஓரமும் சரிந்திருக்கும். ஓரத்தில் ஜல்லி நிரப்பிய வாய்க்கால்கள் மண்ணுக்குள் ஓடும். காம்பவுண்ட் சுவருக்குக் கடைக்கால் தோண்டும்போது அதை வெட்டிவிட்டு, "ஏதோ பழைய ஜல்லி" என்று மூடிவிடுகிறார்கள். ஐப்பசி மழையில் 46 மீட்டர் அகலக் கான்கிரீட்டின் தண்ணீர் முழுவதும் உங்கள் வாசலுக்கு வந்த பிறகு, ஏரியில் லேஅவுட் போட்டுவிட்டார்கள் என்று புகார் வரும். ஏரி இல்லை அது. நீங்கள் அடைத்த வாய்க்கால்.

இனி மண்ணுக்குள் இருப்பவை. "இங்க சண்டையே நடக்கலையே" என்பார்கள். விழுந்த குண்டைப் பற்றி இங்கே யாரும் பேசவில்லை. போர் முடிந்ததும் தேவைப்படாத பொருள்களைக் குழி தோண்டிப் புதைப்பதும் எரிப்பதும் அன்றைய வழக்கம். ஸ்காட்லாந்தில் டால்கெட்டி பே என்ற ஊரைப் பாருங்கள். டோனிப்ரிஸ்டில் விமானதளத்தில், இருட்டில் ஒளிர ரேடியம் பூசிய கருவி முகப்புகளை எரித்துச் சாம்பலைக் கடலோரம் கொட்டினார்கள். 1959ல் தளம் மூடப்பட்டு, அந்த நிலத்தில் குடியிருப்பு வந்தது. 1990ல் கதிரியக்கம் கண்டுபிடிக்கப்பட்டது. சுத்தப்படுத்தி முடிக்க 2023 ஆயிற்று. ரேடியத்தின் அரை ஆயுள் சுமார் 1,600 ஆண்டு. எத்தனை மழை பெய்தாலும் அது கரைந்து காணாமல் போகாது.

நம் பக்கம் முதலில் தேட வேண்டியது ஈயம். விமான பெட்ரோலில் ஈயம் கலந்திருந்தது. எரிபொருள் மூலையிலும் எரிகுழி என்று சந்தேகப்படும் இடத்திலும் அரை மீட்டர், 1 மீட்டர், 2 மீட்டர் ஆழங்களில் தனித்தனியாக மண் எடுங்கள். ஈயம், பெட்ரோலிய எண்ணெய் இரண்டுக்கும் சோதனை கேளுங்கள். கட்டடத்துக்கான மண் பரிசோதனை அறிக்கையில் இவை இருக்காது. அது தாங்குதிறனை மட்டும் பார்க்கும். போர்வெல் தண்ணீரில் லிட்டருக்கு 0.01 மில்லிகிராமுக்கு மேல் ஈயம் இருந்தால் குடிக்கத் தகுதியில்லை, குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 10500 சொல்வது அது. பழைய கொட்டகைக் கூரை ஆஸ்பெஸ்டாஸ் என்றால் சுத்தியலால் உடைக்காதீர்கள். தண்ணீர் தெளித்து முழு ஷீட்டாக இறக்குங்கள்.

வெடிபொருள் இருக்கலாம் என்ற சந்தேகம் உள்ள இடத்தில், தோண்டும் முன் 1 மீட்டர் இடைவெளியில் காந்தமானி (மண்ணுக்குள் இருக்கும் இரும்பைக் காட்டும் கருவி) ஓட்டச் சொல்லுங்கள். துருப்பிடித்த உருளை எதுவும் தென்பட்டால் வேலையை நிறுத்திவிட்டு அவசர உதவி எண் 112க்கு அழையுங்கள். தொடாதீர்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள். பழைய இரும்புக் கடைக்காரருக்குப் போன் போடவே போடாதீர்கள். எண்பது வருடம் புதைந்திருந்தால் குண்டு சாதுவாகிவிடாது. மேற்கு வங்கத்தின் ஜார்கிராம் மாவட்டத்தில் 2024ல் ஒரு கிராமத்து வெளியில் கிடைத்த போர்க்காலக் குண்டை விமானப்படையினர் வந்து பாதுகாப்பாக வெடிக்கச் செய்தார்கள்.

பத்திரம் பற்றிச் சுருக்கமாக. இந்த நிலங்கள் பல, போர்க்காலச் சட்டத்தில் தற்காலிகமாக எடுக்கப்பட்டவை. சில திருப்பிக் கொடுக்கப்பட்டன, சில நிரந்தரமாகக் கையகப்படுத்தப்பட்டன. ஆன்லைன் வில்லங்கச் சான்று தமிழ்நாட்டில் பெரும்பாலும் 1975லிருந்து, கர்நாடகத்தில் 2004லிருந்துதான் கிடைக்கும். நீங்கள் பார்க்க வேண்டிய ஆண்டுகள் 1939 முதல் 1955 வரை. அதைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் கையால் தேடச் சொல்லி மனு போடுங்கள். கிராம நில விவரம் இருக்கும் அ-பதிவேட்டில் பாதுகாப்புத் துறை பெயர் இருக்கிறதா என்றும் பாருங்கள். பஞ்சாபின் ஃபிரோஸ்பூர் மாவட்டம் ஃபத்துவாலா கிராமத்தில், மூன்று போர்களில் விமானப்படை பயன்படுத்திய இரண்டாம் உலகப் போர்க்கால ஓடுதளத்தையே 1997ல் போலி ஆவணத்தில் விற்றுவிட்டதாகப் புகார். வழக்குப் பதிவானது 2025ல். ஓடுதளத்தையே விற்க முடிகிறது என்றால் ஓரத்து நிலம் எம்மாத்திரம்.

ரெரா எண் இதையெல்லாம் பார்க்காது. சுற்றுச்சூழல் அனுமதியும் கட்டடம் என்றால் 20,000 சதுர மீட்டரில்தான் தொடங்கும். வெறும் மனைப்பிரிவு 50 ஹெக்டேருக்குக் கீழே இருந்தால் அந்தப் பக்கமே போகாது. பார்க்க வேண்டியவர் நீங்கள்தான்.

பார்ப்பது கஷ்டமும் இல்லை. 1960 முதல் 1972 வரை அமெரிக்க உளவுச் செயற்கைக்கோளான கரோனா எடுத்த படங்கள் 1995ல் ரகசிய நீக்கம் செய்யப்பட்டன. அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனத்தின் எர்த் எக்ஸ்ப்ளோரர் தளத்தில் உங்கள் ஊரைத் தேடுங்கள். ஏற்கெனவே ஸ்கேன் செய்தது இலவசம். உழுது சமப்படுத்துவதற்கு முந்தைய வளையச் சாலையும், குதிரை லாட வடிவ மண் அணைப்புகளும் அதில் தெரிய வாய்ப்புண்டு. அதன் மேல் லேஅவுட் வரைபடத்தைப் பொருத்துங்கள். பிறகு ஊர்ப் பெரியவர் ஒருவரோடு நடந்து போய், எந்த மூலையை "எண்ணெய் கிடங்கு" என்பார்கள், எங்கே ஆடு மேய்க்க விடமாட்டார்கள் என்று கேளுங்கள். எங்கள் கருவிகளைவிட அந்த நடை பல நேரம் அதிகம் சொல்லும்.

இந்த ஒரே வரைபடம் எங்கே தோண்டக் கூடாது, எதை இடிக்கக் கூடாது என்ற இரண்டு கேள்விக்கும் பயன்படும். பில்டர்களுக்கு இது ஏன் புரிவதில்லை என்று புரியவில்லை. தமிழ்நாட்டில் 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் 10 சதவீதத்தைப் பொதுத் திறந்தவெளியாகத் தானம் கொடுத்தே ஆக வேண்டும். எப்படியும் விற்க முடியாத அந்த நிலத்தை மண் அணைப்பும் கண்ட்ரோல் டவரும் இருக்கும் இடத்தில் ஒதுக்கினால் போயிற்று. ஓடுதளத்தின் நடுக்கோட்டையே பிரதான சாலையாக வைத்தால் ஒரு பைசா கூடுதல் செலவில்லை.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்களிடம் ஒரு வேண்டுகோள் மட்டும். இடிப்பதைத் தடுக்க முடியாவிட்டாலும் பதிவு செய்துவிடுங்கள். காலை ஏழு மணிக்குச் சாய்வு வெயிலில் மேடு பள்ளம் நன்றாகத் தெரியும். ஒவ்வொரு சுவரையும் நேராகவும் மூலையிலிருந்தும் படமெடுங்கள். பக்கத்தில் ஒரு மீட்டர் குச்சி நிற்கட்டும். செங்கல்லின் நீளம், அகலம், உயரம், அதன் மேல் முத்திரை எழுத்து இருந்தால் அது, ஜிபிஎஸ் எண்கள் எல்லாம் ஒரு தாளில். ஒரு பிரதி மாவட்ட அருங்காட்சியகக் காப்பாட்சியருக்கு, இன்னொன்று உங்கள் பத்திரக் கோப்பில். அரை நாள் வேலை. ஜேசிபி திங்கட்கிழமை வருகிறது என்றால் ஞாயிறு காலை கிளம்புங்கள்.