பாகூர் தமிழ்நாட்டில் இல்லை

பாகூரில் இருக்கும் பெரியம்மாவுக்கு ஆன்லைனில் ஒரு மிக்ஸி ஆர்டர் போட உட்கார்ந்தேன். பின்கோடு 607402 என்று அடித்ததும் அந்த இணையதளம் தானாகவே 'தமிழ்நாடு' என்று நிரப்பிக்கொண்டது, மாற்றவும் விடவில்லை. பாகூர் புதுச்சேரியைச் சேர்ந்தது. கடலூரை ஒட்டியிருப்பதால் பின்கோடு மட்டும் 607-ல் தொடங்குகிறது, அவ்வளவுதான்.

புரோகிராமரைத் திட்டிப் பயனில்லை. 607 என்றால் தமிழ்நாடு என்று யாரோ சொல்லியிருப்பார்கள், அவரும் பிசகாமல் எழுதிவிட்டார். ஆனால் புதுச்சேரி நகரைப் போலவே 605-ல் தொடங்கும் விழுப்புரம் தமிழ்நாடு. 609-ல் தொடங்கும் காரைக்கால், 673-ல் தொடங்கும் மாஹே, 533-ல் தொடங்கும் ஏனாம் மூன்றும் புதுச்சேரி. ஒரு வரி எழுதுவதற்கு முன்பே இதையெல்லாம் தோண்டி எடுக்க வேண்டிய ஆள் ஒருவர் உண்டு. அவர்தான் சிஸ்டம் அனலிஸ்ட்.

கடலூர் முதுநகர் துறைமுகத்தில் மீன் ஏலத்துக்கு ஒரு ஆப் செய்யப்போகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எடை பெருக்கல் விலை, முடிந்தது கதை என்று நமக்குத் தோன்றும். அனலிஸ்ட் விடியற்காலையில் ஏலம் நடக்கும் இடத்திலேயே போய் நின்றுகொண்டு, எல்லோருக்கும் எரிச்சல் வருகிற அளவுக்குக் கேட்பார்: கிலோ கணக்கா, கூடைக் கணக்கா? கடனுக்கு எடுத்தால் யார் பெயரில் எழுதுவீர்கள்? டீசலுக்குக் கொடுத்த முன்பணத்தை எந்த இடத்தில் கழிக்கிறீர்கள்? ஏலம் எடுத்தவர் அப்புறம் வேண்டாம் என்றால்? நோட்டுப் புத்தகத்தின் ஓரத்தில் கிறுக்கி வைத்திருப்பதைக்கூட விடமாட்டார், விதிவிலக்குகள் எல்லாம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

பிறகு அதைப் படமாகப் போடுவார். டேட்டா ஃப்ளோ டயகிராம் என்பார்கள்: எந்தத் தகவல் எங்கிருந்து வருகிறது, எங்கே தங்குகிறது, யார் கைக்குப் போகிறது என்று அம்புக்குறிகளால் காட்டும் படம். பார்க்கச் சின்னப்பிள்ளை வரைந்தது மாதிரி இருக்கும், ஆனால் ஓட்டையைக் காட்டிக்கொடுப்பதில் கெட்டி. மாதக் கடைசியில் பாக்கிப் பட்டியல் வெளியே வருகிறது, கடன் விவரம் உள்ளே போகும் அம்பையே காணோம் என்றால், எதையோ கேட்க மறந்திருக்கிறோம். இந்தக் கட்டத்தில் பென்சிலால் அழித்துத் திருத்திவிடலாம். ஒரு வருஷக் கணக்கு உள்ளே ஏறிய பிறகு என்றால் கதையே வேறு.

முன்பு விலாசத்தில் ஏதாவது தப்பாக இருந்தாலும், 'பாகூர்' என்று படித்துவிட்டு தபால்காரர் கொண்டுவந்து கொடுத்துவிடுவார். அவருக்குத் தெரிந்ததை யாரும் எழுதி வைக்கவேண்டிய தேவையே இருக்கவில்லை. அவர் இருந்த இடத்தில் கம்ப்யூட்டரை வைத்தால், அதற்குச் சொல்லாத எதுவும் அதற்குத் தெரியாது.

மிக்ஸி என்பதால் சிரித்துவிட்டுப் போகிறோம். லண்டன் ஆம்புலன்ஸ் சேவை 1992 அக்டோபர் 26 அன்று வண்டிகளை அனுப்பும் வேலையைப் புதிய கம்ப்யூட்டர் அமைப்பிடம் ஒப்படைத்தது. எந்த வண்டி எங்கே நிற்கிறது என்ற தகவல் எப்போதும் சரியாக வந்து சேரும் என்று நம்பி வடிவமைக்கப்பட்ட அமைப்பு அது. நடைமுறையிலோ சில இடங்களில் ரேடியோ எடுக்காது, அவசரத்தில் ஊழியர்கள் வண்டியின் நிலையைத் தெரிவிக்கும் பட்டனை மாற்றி அழுத்துவார்கள், இல்லை அழுத்தவே மாட்டார்கள். விளைவு, ஒரே விபத்துக்கு இரண்டு வண்டிகள் போயின, வேறு சிலர் வெகுநேரம் காத்துக் கிடந்தார்கள். எச்சரிக்கைச் செய்திகள் குவிந்து குவிந்து, முக்கியமானவை திரையை விட்டே மேலே ஓடிப்போயின. மறுநாள் மதியமே ஊழியர்கள் பாதி வேலையைப் பழையபடி கையால் செய்ய ஆரம்பித்துவிட்டார்கள்.