பிஎச்.டி. பதிவுக்கு முன் பார்க்க வேண்டியவை

எம்.எஸ்சி. முடித்த கையோடு பிஎச்.டி. பதிவுக்கு வருகிறவர்களிடம் நான் முதலில் தலைப்பைக் கேட்பதில்லை. "மாதச் செலவுக்கு என்ன வழி?" என்றுதான் கேட்பேன். "சேர்ந்துட்டா பாத்துக்கலாம் சார்" என்பதே பெரும்பாலும் வரும் பதில்.

யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) விதிப்படி பிஎச்.டி.க்குக் குறைந்தது 3 ஆண்டு, கூடினால் 6 ஆண்டு. பெண்களுக்கு மேலும் 2 ஆண்டு சலுகை உண்டு. நெட் எனும் தேசியத் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் முதல் 2 ஆண்டுக்கு மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000. அது இல்லாமல் சேலத்துத் தனியார் கல்லூரி ஒன்றில் பாடம் நடத்திக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஆய்வு என்றால் ஆறு ஆண்டும் போதாது. நெட்டுக்காக ஓராண்டு உட்கார்ந்து படிப்பதை வீட்டில் 'சும்மா இருக்கான்' என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

அடுத்தது, ஆய்வுக்கு வழிகாட்டும் நெறியாளர். பேராசிரியர் ஒரே நேரத்தில் 8 பேரையும், இணைப்பேராசிரியர் 6 பேரையும், உதவிப்பேராசிரியர் 4 பேரையும்தான் வைத்துக்கொள்ளலாம். ஓய்வுக்கு 3 ஆண்டுக்குள் இருப்பவர் புதிதாக யாரையும் எடுக்க முடியாது. இதையெல்லாம் கூச்சப்படாமல் கேளுங்கள். அவரிடம் முடித்தவர்களின் ஆய்வேடுகளை சோத்கங்கா என்ற ஆய்வேட்டு இணையதளத்தில் புரட்டிப் பாருங்கள். அப்புறம், இப்போது அவரிடம் இருக்கும் ஸ்காலர் இரண்டு பேரோடு ஒரு டீ குடியுங்கள். தளத்தில் இல்லாததெல்லாம் அங்கே வரும்.

தலைப்பு கடைசியில்தான். ஆத்தூர்ப் பக்க சேகோ (ஜவ்வரிசி) மில் கழிவுநீரில் சயனைடு அளவைப் பார்க்க வேண்டும் என்று ஒரு மாணவி வந்தார். நல்ல தலைப்பு, மரவள்ளிக் கிழங்கை அரைக்கும்போது சயனைடு வெளிவரும். ஆனால் பாட்டிலோடு போனவரை மில் கேட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். அனுமதிக் கடிதத்துக்கு அலைந்து முடிப்பதற்குள் கிழங்கு அரவை ஓய்ந்துவிட்டது. அடுத்த அரவை வரை மாதிரி எடுக்க வழியில்லை. ஏற்காட்டில் ஆர்க்கிட் தேடப் போகிறவருக்கும் இதே கதைதான்: வனத்துறை அனுமதி வேண்டும், பூக்கும் மாதமும் தெரிந்திருக்க வேண்டும்.

'பணம் கட்டினால் ஒரே வாரத்தில் கட்டுரை வெளியீடு' என்று வாட்ஸ்அப்பில் வந்தால் அழித்துவிடுங்கள். யுஜிசியின் 2022 விதிகளில் கட்டுரை வெளியிட்டே தீர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. உங்கள் பல்கலைக்கழகம் தனியாகக் கேட்கிறதா என்று மட்டும் விசாரியுங்கள்.

இன்னும் இளநிலையில் இருக்கிறீர்களா? அறிவியல் அகாடமிகள் மூன்றும் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆய்வுத் திட்டத்துக்கு விண்ணப்பியுங்கள். இரண்டு மாதம் ஆய்வகத்தில் இருந்துவிட்டு வந்து, "இது நமக்கு ஒத்துவராது சார், பேங்க் எக்ஸாம் எழுதறேன்" என்று தெளிவாகச் சொன்னவர்களும் உண்டு.